சரிவுக்கு ஏற்ற பம்பி

தண்ணீர்ப் பம்பி வாங்க வருகிறவர் முதலில் கேட்பது குதிரைவலுவைத்தான். "அண்ணே, மூணு எச்.பி. போதுமா, அஞ்சரை எடுக்கவா?" என்பார். தண்ணீர் எத்தனை அடி உயரம் ஏற வேண்டும், ஓடையிலிருந்து மரக்கறிப் பாத்திவரை குழாய் எவ்வளவு தூரம் ஓட வேண்டும், ஓகஸ்ட் மாதத்தில் ஊற்றில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சும் என்ற மூன்றில் ஒன்றையும் அவர் சொல்ல மாட்டார். விற்கிறவரும் பெரும்பாலும் கேட்க மாட்டார். பல பத்தாண்டுகளாகப் பம்பி பூட்டியும் கழற்றியும் பழுது பார்த்தும் வந்ததில் எனக்கு உறுதிப்பட்டுப்போன கருத்து ஒன்று உண்டு. பெரகல, ஹப்புத்தளை, ஹல்துமுல்ல, கொஸ்லந்தைப் பக்கங்களில் திருத்த வேலைக்கு வரும் பம்பிகளில் பாதிக்கு மேல் நல்ல பம்பிகள்தான். வைக்கப்பட்ட இடம்தான் அவற்றுக்குப் பொருந்தவில்லை. நிறையத் தண்ணீரைக் கொஞ்ச உயரத்துக்கு இறைக்கவென்று சமதரைக்காகச் செய்த பம்பியை, கொஞ்சத் தண்ணீரை நிறைய உயரத்துக்கு ஏற்ற வேண்டிய மலையில் கொண்டுவந்து வைக்கிறோம். மலையில் பம்பி தெரிவு செய்கிறவர் முதலில் உயரத்துக்குக் காசு கொடுக்க வேண்டும், தண்ணீரின் வேகத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம் என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது.

பெரகல சந்தியின் நிலத்தைப் பார்த்தாலே காரணம் விளங்கும். கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வரும் ஏ-4 வீதி இந்தச் சந்தியைத் தாண்டி கொஸ்லந்தை, வெல்லவாய என்று கீழே இறங்குகிறது. இங்கிருந்து பிரியும் ஏ-16 வீதி ஹப்புத்தளைக்கு ஏறி, பண்டாரவளை வழியாக ஹாலிஎல போகிறது. ஒரே சந்தியிலிருந்து ஒரு வீதி மலையேற, மற்றது மலையிறங்குகிறது. மத்திய மலைநாட்டின் தெற்கு விளிம்பு இது. 263 மீற்றர் உயரமான பம்பரகந்தை நீர்வீழ்ச்சியும், 220 மீற்றர் உயரமான தியலும நீர்வீழ்ச்சியும் இதே விளிம்பிலிருந்துதான் விழுகின்றன. தண்ணீர் இல்லாத ஊர் என்று இதைச் சொல்ல முடியாது. இருக்கும் தண்ணீர் பள்ளத்தில் ஓடுகிறது, பாத்தி மேட்டில் இருக்கிறது, சிக்கல் அவ்வளவுதான். அதுவும் ஆண்டு முழுவதும் இல்லை. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை தாராளமாகப் பெய்யும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை உலர்ந்த காற்று அடிக்கும். ஊவாத் தேயிலைக்குப் பெயர்போன மணத்தைக் கொடுக்கும் அதே காற்றுத்தான் போஞ்சிக் கொடியையும் கோவாக் கன்றையும் வாட்டி எடுக்கிறது. பம்பிக்கு வேலை அந்த மாதங்களில்தான். ஆகவே தெரிவும் அந்த மாதங்களின் நிலைமையை வைத்தே நடக்க வேண்டும்.

பழைய தோட்ட நிருவாகங்களுக்கு இந்த நிலத்தின் குணம் நன்றாகத் தெரிந்திருந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைக்குப் பக்கத்துத் தம்பத்தென்னையில் தேயிலைத் தொழிற்சாலை எழுப்பிய காலத்தில் மலைநாட்டுக்கு மின்கம்பி வந்திருக்கவில்லை. லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல்தான். அதற்கு முன்னர் மலைநாட்டின் பல தேயிலைத் தொழிற்சாலைகள் ஓடை நீரைக் குழாயில் இறக்கி, டர்பைனைச் சுழற்றி இயந்திரங்களை ஓட்டின. லயங்களுக்குத் தண்ணீர் வந்ததும் அதே வழியில்தான்: மேலே ஊற்று, நடுவில் ஒரு கட்டுத்தொட்டி, கீழே பீலி. லயத்தைச் சுற்றியிருந்த சிறு மரக்கறித் துண்டுகளுக்கு வாளியிலும் பூவாளியிலும் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள். அந்த ஏற்பாட்டில் சுமந்தவர்களின் தோள் வலி இருந்தது என்பதை மறந்துவிட்டு அதைப் போற்ற நான் வரவில்லை. ஆனால் அதில் ஒரு கணக்குச் சரியாக இருந்தது: தண்ணீரை மேட்டில் சேர்த்து வைத்தால், மிச்ச வேலையைச் சரிவு பார்த்துக்கொள்ளும். பம்பி வந்த பிறகு நாம் கைவிட்டது இந்தக் கணக்கைத்தான்.

மாற்றம் இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் உருளைக்கிழங்குக்கு நல்ல விலை கிடைக்க, வெலிமடை, ஊவா பரணகமைப் பக்கம் மரக்கறிச் செய்கை பெருந்தொழிலாகியது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் சிறிய பெற்றோல், மண்ணெண்ணெய் பம்பிகள் தாராளமாக இறங்கின. பிறகு ஜப்பான் பம்பிகளின் வடிவத்திலேயே விலை குறைந்த சீனப் பம்பிகளும் வந்து சேர்ந்தன. இன்று சந்தையில் அதிகம் விற்கும் 2 அங்குலப் பெற்றோல் பம்பியின் பெட்டியைப் பார்த்தால் இரண்டு எண்கள் பெரிதாக அச்சிட்டிருக்கும்: நிமிடத்துக்கு ஏறக்குறைய 600 லீற்றர், உயரம் ஏறக்குறைய 30 மீற்றர். வாங்குகிறவர் இரண்டையும் சேர்த்துப் படித்து, 30 மீற்றர் உயரத்துக்கு நிமிடத்துக்கு 600 லீற்றர் கிடைக்கும் என்று நினைக்கிறார். உண்மையில் 600 லீற்றர் வருவது உயரமே இல்லாதபோது. 30 மீற்றரைத் தொடும்போது ஒரு சொட்டும் வராது. இயந்திரம் ஓடும், தண்ணீர் குழாய்க்குள் அப்படியே நிற்கும். இரண்டு எண்களுக்கும் நடுவில் உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்துகொண்டே போகும். அந்தக் குறைவைக் காட்டும் வளைகோடு கையேட்டின் உள்ளே இருக்கும். பலர் கையேட்டைப் பெட்டியோடு எறிந்துவிடுகிறார்கள். நல்ல வேலைக்குரிய உயரம், அச்சிட்ட உச்ச உயரத்தின் பாதிக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையில்தான். 30 மீற்றர் என்று போட்ட பம்பியை 20 மீற்றருக்கு மேல் நம்பக்கூடாது.

அந்தக் கையேட்டில் இன்னொன்றும் இருக்கும். அதன் எண்கள் எல்லாம் கடல் மட்டத்துக்கு உரியவை. பெற்றோல் எஞ்சின் ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் ஏறக்குறைய 3.5 வீதம் வலுவை இழக்கும். 1,200 மீற்றரில் இழப்பு 14 வீதம், அதாவது ஏழில் ஒரு பங்கு. காற்று ஐதாக இருப்பதால் கார்புரேட்டர் அளவுக்கு மீறிப் பெற்றோலை விடும், பிளக் கறுக்கும், புகை வரும், எண்ணெய் கூடுதலாகக் குடிக்கும். சிறிய ஜெட் மாற்றினால் புகையும் எண்ணெய்ச் செலவும் குறையும். போன வலு திரும்பி வராது. கொழும்பில் ஓட்டிக் காட்டிய பம்பி ஹப்புத்தளையில் "இழுக்கவில்லை" என்று புகார் வருவதற்கு இதுவே முதல் காரணம். அதைத் தயாரித்தவரின் ஏமாற்று என்று சொல்வது நியாயமில்லை. மலைக்கு வாங்குகிறவர் தன் இடத்தின் கணக்கைத் தானே கழித்துக்கொள்ள வேண்டும்.

உறிஞ்சும் பக்கத்தில் கணக்கு இன்னும் கண்டிப்பானது. பம்பி தண்ணீரை இழுக்கிறது என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் பம்பி குழாயில் வெற்றிடத்தை உண்டாக்க, வெளியே உள்ள காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் 10.3 மீற்றர் வரை தள்ளக்கூடியது. 1,200 மீற்றர் உயரத்தில் 9 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. குழாய் உராய்வு, வால்வு, மூட்டுகளில் நுழையும் காற்று எல்லாவற்றையும் கழித்தால் நம்மூரில் நம்பத்தக்க உறிஞ்சும் உயரம் 5 மீற்றர்தான். எத்தனை குதிரைவலு கூட்டினாலும் இது கூடாது, ஏனென்றால் வேலை செய்வது காற்று, எஞ்சின் இல்லை. ஆனாலும் திருட்டுக்குப் பயந்தும், சுமக்கும் கஷ்டத்துக்காகவும் பலர் பம்பியை மேட்டில் வைத்துக்கொண்டு பள்ளத்துக்கு உறிஞ்சும் குழாயை நீளமாக விடுகிறார்கள். தண்ணீர் அரையும் குறையுமாக ஏறும். பம்பிக்குள் சரளைக்கல் உருளும் சத்தம் கேட்கும். நீராவிக் குமிழிகள் உருவாகி நொறுங்கும் சத்தம் அது. சில மாதங்களில் இம்பெலர், அதாவது உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம், அரிபட்டுப்போகும். பம்பியைத் தண்ணீருக்குப் பக்கத்தில் இறக்கி வை, அங்கிருந்து மேலே தள்ளு என்பதுதான் விதி. திருட்டுக்குப் பயந்தால் கல்லில் சங்கிலி போட்டுப் பூட்டலாம். காற்றழுத்தத்தோடு அப்படி ஒரு சமரசமும் செய்ய முடியாது.

மூன்றாவது எதிரி குழாய். பம்பிக்குப் பெரும்பணம் கொடுத்தவர்கள் குழாயில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பதை இந்தத் தொழிலில் ஓயாமல் காணலாம். செக்கனுக்கு ஒரு லீற்றர் தண்ணீரை 100 மீற்றர் தூரம் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். உள் விட்டம் 25 மில்லிமீற்றர், அதாவது ஓர் அங்குலம் என்றால், உராய்வில் மட்டும் ஏறக்குறைய 17 மீற்றர் உயரத்துக்குரிய அழுத்தம் போய்விடும். ஒன்றரை அங்குலம் என்றால் இழப்பு 2 மீற்றர் சொச்சம். இரண்டு அங்குலம் என்றால் ஒரு மீற்றர்கூட இல்லை. விட்டம் பாதியானால் இழப்பு முப்பது மடங்கு அளவில் பெருகும் என்பதுதான் இதன் பின்னால் உள்ள கணக்கு. 20 மீற்றர் உயரப் பாத்திக்கு ஓரங்குல ஓஸைப் போட்டவர், உண்மையில் 37 மீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றப் பார்க்கிறார். தண்ணீர் வராதபோது அவர் வாங்க நினைப்பது இன்னொரு பெரிய பம்பியை. வாங்க வேண்டியது அடுத்த அளவுக் குழாயை. குழாய்க்கு எண்ணெய் வேண்டாம், சீல் மாற்ற வேண்டாம். ஒரு தடவை கொடுக்கும் காசு அது. ஆனால் உயரத்துக்குத் தகுந்த தடிப்பும் வேண்டும்: எஸ்லோன் பைப்பில் டைப் 600 என்றிருந்தால் அது 60 மீற்றர் நீருயரத்தின் அழுத்தத்தைத் தாங்கும், டைப் 1000 என்றால் 100 மீற்றரை. பம்பியைத் திடீரென்று நிறுத்தும்போது, ஏறிய தண்ணீர் முழுவதும் திரும்பி விழுந்து அடிக்கும் அடி இதற்கு மேலாக வரும். பம்பி வாயில் ஒரு நொன்-ரிட்டர்ன் வால்வு போடாமல் 40 மீற்றர் ஏற்றினால், ஒருநாள் உறிஞ்சும் குழாயின் அடியில் உள்ள புட் வால்வோ பம்பியின் உடலோ வெடிக்கும்.

சரி, எவ்வளவு தண்ணீர்தான் வேண்டும்? இதைக் கேட்காமல் பம்பி தெரிவு செய்வதுதான் எல்லாப் பிழைகளுக்கும் தாய். காற்று அடிக்கும் உலர் மாதத்தில் பாத்தி ஒரு நாளைக்குக் குடிப்பது ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் தண்ணீர். சதுர மீற்றருக்கு 5 லீற்றர். 40 பேர்ச், அதாவது கால் ஏக்கர், ஏறக்குறைய 1,000 சதுர மீற்றர். ஒரு நாளைய தேவை 5,000 லீற்றர். நிமிடத்துக்கு 300 லீற்றர் தரும் 2 அங்குலப் பம்பி இதைப் பதினேழு நிமிடத்தில் கொட்டிவிடும். மண்ணால் அந்த வேகத்தில் குடிக்க முடியாது. சரிவுப் பாத்தியில் தண்ணீர் வழிந்து ஓடும், போகும்போது மேல்மண்ணையும் பசளையையும் எடுத்துக்கொண்டு போகும். அதே 5,000 லீற்றரை நிமிடத்துக்கு 20 லீற்றர் வீதம் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஏற்றினால், 40 மீற்றர் உயரத்துக்கும் அரைக் குதிரைவலு மோட்டர் ஏறக்குறையப் போதும். மின்சாரம் 2 யூனிட் அளவில் முடியும். நாலு மணி நேரம் ஓஸைப் பிடித்துக்கொண்டு யாரும் நிற்க வேண்டியதில்லை. தண்ணீர் மேட்டில் உள்ள தொட்டிக்குப் போகும். தொட்டி பாத்திக்கு 20 மீற்றர் மேலே இருந்தால் ஸ்பிறிங்ளர் தானாகவே சுற்றும். சில மீற்றர் மேலே மட்டும் இருந்தால் குறைந்த அழுத்தச் சொட்டுக் குழாய்க்கோ சாதாரண ஓஸுக்கோ போதும். பம்பியின் வேலை தொட்டியோடு முடிகிறது. பாத்திக்கு நீர் பாய்ச்சுவது சரிவின் வேலை.

இப்படிச் சிறு தண்ணீரைப் பெரும் உயரத்துக்கு ஏற்றக்கூடிய மோட்டர்கள் இரண்டு வகை கிடைக்கின்றன, இரண்டையும் ஒன்றாக நினைக்கக்கூடாது. வீட்டுக்கு வீடு விற்கும் மலிவான அரைக் குதிரைவலு மோட்டர் 35 மீற்றர் வரை போகும் என்று போட்டிருப்பார்கள். அதன் இம்பெலருக்கும் உடலுக்கும் இடையில் உள்ள இடைவெளி மயிரிழை அளவு. சுத்தமான கிணற்றுத் தண்ணீருக்கு அது நன்றாக உழைக்கும். ஒரு மழைக்குப் பின் ஓடையில் வரும் மணலைக் குடித்தால் சீக்கிரமே அதன் உயரம் போய்விடும். ஓடைத் தண்ணீருக்கு, பல இம்பெலர்களை வரிசையாக அடுக்கிய பம்பிதான் பொருத்தம். ஒவ்வொரு இம்பெலரும் கொஞ்சம் உயரத்தைக் கூட்டும். விலை கூடுதல்தான், ஆனால் 40, 50 மீற்றருக்கு மூச்சு வாங்காமல் ஏற்றும். எதை வாங்கினாலும் உறிஞ்சும் இடத்தில் மணல் படிய ஒரு சிறு தொட்டி கட்டி, வலை போட்ட புட் வால்வை அதன் அடியிலிருந்து ஒரு சாண் உயர்த்தி வைக்க வேண்டும். லயங்களுக்குப் போகும் நீண்ட மின்கம்பியின் கடைசி முனையில் மாலை ஆறு மணிக்குப் பிறகு வோல்டேஜ் விழும். அந்த நேரத்தில் ஓட்டினால் மோட்டரின் கொயில் எரியும். தொட்டி இருந்தால் இதற்கும் கவலையில்லை, ஏனென்றால் காலையிலோ நடுப்பகலிலோ தண்ணீர் ஏற்றி வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்கள் எனக்குத் தெரியும். அவற்றில் சில வலுவானவை. பெரிய பம்பி வேலையைச் சட்டென்று முடிக்கிறது, காலையில் கொழுந்து மலைக்குப் போகிறவருக்கு நாலு மணி நேரம் எங்கே இருக்கிறது என்பது முதலாவது. நேரம் குறைவானவருக்குத்தான் தொட்டி அதிகம் தேவை என்பது என் பதில். மோட்டர் ஓடும்போது ஆள் நிற்க வேண்டும் என்ற நினைப்பு பெற்றோல் பம்பி பழக்கியது. தொட்டியில் மிதவை வால்வும் மோட்டருக்கு ஒரு சுவிட்சும் இருந்தால் ஆள் வேண்டாம். பெற்றோல் பம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு எந்த ஓடைக்கும் போகலாம், வாடகைக்கும் விடலாம் என்பது இரண்டாவது வாதம். உண்மைதான். பல இடங்களில் சிறு சிறு துண்டாகப் பயிர் செய்கிறவருக்கும், பருவத்துக்கு ஒரு முறை மட்டும் தண்ணீர் தேவைப்படுகிறவருக்கும், மின்கம்பி எட்டாத பள்ளத்துக்கும் அதுவே சரி. அப்போதும் 2 அங்குலச் சாதாரணப் பம்பியை விட்டுவிட்டு, அதே எஞ்சினில் 50 மீற்றர் வரை தள்ளும் உயர் அழுத்தப் பம்பியைக் கேட்டு வாங்க வேண்டும். தண்ணீர் குறைவாகத்தான் வரும், ஆனால் வரும்.

எண்ணெயில் ஓடும் பம்பியைப் பற்றிய வாதத்துக்கு 2022 ஒரு முடிவைச் சொல்லிவிட்டது. அந்த ஆண்டு எரிபொருள் வரிசைகள் நீண்டபோது கேன்களுக்குப் பெற்றோல் ஊற்றுவது தடை செய்யப்பட்டது. எரிபொருளைப் பங்கிட ஜூலையில் வந்த கியூ.ஆர். முறை வாகன இலக்கத்தை வைத்துத் தொடங்கியது. தண்ணீர்ப் பம்பிக்கு வாகன இலக்கம் கிடையாது. அதை ஓட்டிக்கொண்டு வரிசைக்கு வரவும் முடியாது. ஜூன் இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாய்க்குப் போனது. பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் பம்பிகளின் ஒரே சிறப்பு மலிவு எண்ணெய்தான். அந்தச் சிறப்பு அன்றோடு போனது. காற்று அடித்து மண் வெடித்த அதே மாதங்களில்தான் இவையெல்லாம் நடந்தன. மின்சாரமும் அன்று வெட்டப்பட்டதே என்பார்கள். வெட்டப்பட்டது, கட்டணமும் ஏறியது. ஆனால் பகலில் சில மணி நேரம் மின்சாரம் வந்தாலே தொட்டியை நிரப்ப முடியும். எண்ணெய் கிடைக்காத பம்பிக்கு அந்தச் சில மணி நேரமும் இல்லை.

சூரியப் பலகையைப் பற்றி இங்கே ஓர் ஐயம் உண்டு: ஹப்புத்தளைப் பள்ளத்தாக்கில் பிற்பகலில் பனிமூட்டம் ஏறிவிடும், பலகை எப்படி உழைக்கும்? வீட்டு விளக்குக்கு இந்த ஐயம் நியாயமானது. தண்ணீருக்கு அவ்வளவு பொருந்தாது. மூட்டமும் மழையும் கூடிய மாதங்களில் பாத்திக்குத் தண்ணீர் வேண்டியதில்லை. தண்ணீர் வேண்டிய உலர் மாதங்களின் காலை வெயில் போதுமான அளவு உறைக்கும். மின்கலம் தேவையில்லை, ஏற்றி வைத்த தண்ணீரே சேமிப்பு. இதிலும் கருத்து மாறவில்லை: சூரியப் பம்பி மெதுவாகத்தான் ஏற்றும், மெதுவாக ஏற்றுவதற்குத் தொட்டி வேண்டும்.

எண்ணெயும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம் என்று ஒரு பம்பி இருக்கிறது என்றால் பலர் நம்ப மாட்டார்கள். ராம் பம்பியை பிரான்சில் மொங்கோல்பியர் 1796இல் வடிவமைத்தார். வேகமாக இறங்கிவரும் தண்ணீரை ஒரு வால்வு சட்டென்று அடைக்கும். அந்த அடியில் எழும் அழுத்தம் தண்ணீரின் ஒரு சிறு பங்கை மேலே தள்ளும். வால்வு திறக்கும், மீண்டும் அடைக்கும். குழாய்களை வெடிக்கவைக்கும் அதே தண்ணீர் அடி இங்கே கூலி வாங்காமல் வேலை செய்கிறது. ஓடையில் நிமிடத்துக்கு 60 லீற்றர் தண்ணீர் 4 மீற்றர் இறங்கக் கிடைத்தால், பாதி வலு வீணாகிறது என்று வைத்தாலும், 40 மீற்றர் உயரத்துக்கு நிமிடத்துக்கு 3 லீற்றர் ஏறும். கேட்க அற்பமாக இருக்கும். இரவும் பகலும் ஓடினால் ஒரு நாளைக்கு 4,300 லீற்றர், கால் ஏக்கருக்குக் கிட்டத்தட்டப் போதும். குறைகளும் உண்டு. இறங்கும் குழாய் இரும்பாக இருக்க வேண்டும், வால்வு ரப்பரை அவ்வப்போது மாற்ற வேண்டும், ஓடை வற்றி 60 லீற்றர் 20 ஆகிவிட்டால் அடி நின்றுபோகும். ஆனால் ஆண்டு முழுவதும் ஓடும் ஓடை பக்கத்தில் இருக்க, பெற்றோல் கேனைச் சுமந்து இறங்குகிறவர் இந்தக் கணக்கை ஒரு தடவையாவது போட்டுப் பார்க்க வேண்டும். ஊற்று பாத்திக்கு மேலேயே இருந்தால் எந்தப் பம்பியும் வேண்டாம்: அல்கத்தீன் குழாய், முகப்பில் ஒரு வலை, குழாய் மேடேறி இறங்கும் இடத்தில் காற்றை வெளியேற்ற ஒரு சிறு வால்வு, அவ்வளவே. பம்பி விற்கிறவரே இதைச் சொல்வது அபூர்வம். மலையில் பம்பி தெரிவின் முதல் கேள்வி, பம்பி வேண்டுமா என்பதாக இருக்க வேண்டும்.

உயரத்தை அளப்பது கடினம் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. போனில் காட்டும் உயரம் பல மீற்றர் தவறலாம். பாத்தியிலிருந்து ஓடைவரை ஓஸை இறக்கி, மேலிருந்து தண்ணீர் ஊற்றிக் காற்றில்லாமல் நிரப்பி, கீழ் முனையில் ஒரு பிரஷர் கேஜ் பூட்டினால் போதும். ஏறக்குறைய 14 பி.எஸ்.ஐ. என்றால் 10 மீற்றர். 50 பி.எஸ்.ஐ. காட்டினால் உயரம் 35 மீற்றர். அதோடு குழாய் உராய்வைக் கூட்டு, பம்பிக்குரிய எண் கிடைத்துவிடும். ஊற்றை அளக்க ஒரு 20 லீற்றர் வாளியும் மணிக்கூடும் போதும். ஆனால் அளக்க வேண்டியது ஓகஸ்டில், மழைக்குப் பிறகு அளந்தால் அது பொய் சொல்லும். ஊற்றை நிரந்தரம் என்று நம்பவும் கூடாது. உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் 2014 டிசம்பரில் நீர் பீறிட்ட பிறகு பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. 2017இல் அந்த மக்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். கிணற்றில் நீர்மட்டம் கீழே போனதும், கரையில் இருந்து உறிஞ்சும் பம்பி எந்த வலுவுடையதானாலும் பயனற்றுப்போகும்.

இன்னொரு எதிர்ப்பு நியாயத்தைப் பற்றியது, அதை இலேசாக விடக்கூடாது. பாத்திக்கு இறைக்கும் ஓடை பெரும்பாலும் கீழேயுள்ள லயத்தின் குடிதண்ணீர். நிமிடத்துக்கு 300 லீற்றர் உறிஞ்சும் பம்பி ஓகஸ்ட் மாத ஓடையை அப்படியே குடித்துவிடும். கீழே பீலி காயும். ஓடைக்கரையில் பெற்றோல் ஊற்றும்போது சிந்துவது குடத்தில்தான் போய்ச் சேரும். மெதுவாக ஏற்றும் மின்மோட்டர் ஓடையின் ஒரு பங்கை மட்டும் எடுக்கும். ராம் பம்பி எடுத்ததில் பெரும்பகுதியை ஓடைக்கே திருப்பிவிடும். குடிதண்ணீர் எடுக்கும் இடத்துக்குக் கீழே பம்பியை வைப்பது முதல் ஒழுங்கு. தொட்டியைப் பற்றியும் ஒரு பயம் உண்டு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து லயங்களைப் புதைத்த பிறகு, சரிவில் தண்ணீரைச் சேர்த்து வைப்பதை யாரும் விளையாட்டாக எடுக்க முடியாது. அந்தச் சரிவு பெருமழையில் நடந்தது. ஆனால் ஊறிய மண் வலுவிழக்கும் என்ற விதி கசியும் தொட்டிக்கும் பொருந்தும். ஆகவே லயத்துக்கு நேர் மேலே தொட்டி வைக்கக் கூடாது, வழியும் தண்ணீரைக் கானுக்குள் விட வேண்டும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாயம் என்று குறித்த இடத்தைத் தொடவே கூடாது. 1,000 லீற்றர் பிளாஸ்டிக் தொட்டியை ஒரு நாளில் சில தடவை நிரப்பிப் பாய்ச்சுவது பெரிய கட்டுத்தொட்டியைவிடப் பாதுகாப்பானது. பெரிய பம்பியால் சரிவில் ஒரே மூச்சாக 5,000 லீற்றர் கொட்டுவதைவிடவும் மேலானது.

கடைசியாக வரும் வாதம்தான் மிகக் கடினமானது: நிலம் எங்களுடையது இல்லை, நாங்கள் எப்படித் தொட்டி கட்டுவது, குழாய் புதைப்பது? தோட்டத்து லயத்தில் இருப்பவருக்கு இது வெறும் சாக்கு இல்லை. வீட்டுக்கென்று 7 பேர்ச் காணி கிடைப்பதே பெரும்பாடாக இருக்கும் இடத்தில், ஓடையிலிருந்து மேடுவரை குழாய் போடத் தோட்ட நிருவாகத்தின் அனுமதி வேண்டும். தோளில் தூக்கிப் போகும் பெற்றோல் பம்பிக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். மலையகத்தில் அந்தப் பம்பி இவ்வளவு பரவியதற்குக் காரணம் அதன் திறமை இல்லை, காணி உரிமையின் குறைவு என்றே நான் நினைக்கிறேன். அந்தக் குறையைப் பம்பி தெரிவு தீர்க்காது. ஆனால் ஒரே ஓடைக்கரையில் பத்துக் குடும்பம் பத்துப் பம்பி வைத்திருப்பதைவிட, ஒரு நல்ல பல இம்பெலர் மோட்டர், ஒரு குழாய், ஒரு தொட்டி என்று சேர்ந்து அனுமதி கேட்பது எளிது. பத்துப் பம்பிக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியிலேயே அது முடியும். பொதுப் பம்பியை ஒருவரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பார்கள். மரண உதவிச் சங்கத்துக்கு மாதச் சந்தா தவறாமல் சேர்த்து, கோவில் திருவிழாக் கணக்கைச் சதம் பிசகாமல் எழுதும் லயத்துக்கு, வாரத்தில் யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்று எழுதி வைப்பது முடியாத காரியமில்லை. கமநல சேவை நிலையத்திடமோ தோட்ட நிருவாகத்திடமோ போகும்போது குதிரைவலுவைச் சொல்லிக் கேட்க வேண்டாம். ஓகஸ்டில் அளந்த ஊற்றின் அளவு, கேஜ் காட்டிய உயரம், குழாயின் நீளம், நனைய வேண்டிய பேர்ச், இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோகட்டும். அந்தத் தாள் கையில் இருந்தால் எந்தப் பம்பி என்பதை அந்த எண்களே சொல்லிவிடும்.